கவிஞனுக்குக் கவிஞன் பாடிய கையறுநிலை

இறந்தாரைப் பாடுதல் எளிது. இறந்தார் இன்னார் என்பது விளங்கப் பாடுதல் அரிது. தமிழ்நாட்டிலாயினும், கடல் கடந்து தமிழர் குடியேறிய இந்நாட்டிலாயினும், பெயர் பெற்ற ஒருவர் கண் மூடினால் மறுவாரமே பத்துப் பாட்டுகள் அச்சேறிவிடுகின்றன. அவற்றுள் மலை சரிகிறது; விளக்கு அணைகிறது; தமிழ்த்தாய் தலைவிரித்து அழுகிறாள். யார் மறைந்தாலும் அதே மலைதான் சரிகிறது. அதே விளக்குத்தான் அணைகிறது.

தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் எம்போன்ற கிராணிமார் நாள்தோறும் படிவங்களோடு பழகுவோர். படிவத்தில் வேண்டியவை எல்லாம் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். பெயர், வயது, தேதி ஆகிய மூன்று இடங்கள் மட்டும் வெறுமையாய் இருக்கும். அவற்றை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. இன்று நாம் படிக்கும் இரங்கற்பாக்களிற் பெரும்பாலன இத்தகைய படிவங்களே என்று சொல்வதற்கு யாம் தயங்கவில்லை. சோதித்துப் பார்ப்பதும் எளிது. பாட்டிலுள்ள பெயரை எடுத்துவிட்டு, அதே அசையுள்ள வேறொரு பெயரை இட்டுப் படியுங்கள். பாட்டு அப்பொழுதும் பழுதின்றி நடக்குமாயின், அது யாருக்காகவும் பாடப்பட்டதன்று.

இச்சோதனைக்கு உட்படுத்தி ஆராயத்தக்க ஒரு பாட்டை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அது கவிஞர் கண்ணதாசன், பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் மறைவுக்கு இரங்கிப் பாடியது. ஒரு கவிஞன், தன்னினும் இளைய மற்றொரு கவிஞனுக்காக அழுத பாட்டு என்பதே இதன் தனித்தன்மை. தலைவனுக்குத் தொண்டன் அழுவதும், ஆசிரியனுக்கு மாணவன் அழுவதும், மூத்தோனுக்கு இளையோன் அழுவதும் உலக இயற்கை. முறை மாறி, மூத்தவன் இளையவனை வழியனுப்ப நேரும்போது துயரத்தோடு ஒரு திகைப்பும் கலந்துவிடுகிறது. அத்திகைப்பைக் கண்ணதாசன் எவ்வாறு பாட்டாக்கினார் என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சி.

முதற்கண் இருவரையும் அறிந்துகொள்வோம். கண்ணதாசன் 1927-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சிறுகூடல்பட்டியிற் பிறந்தவர். கலியாணசுந்தரம் 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டிற் பிறந்தவர். இருவர்க்கும் இடையே வயது வேற்றுமை மூன்று ஆண்டும் நிரம்பவில்லை. கண்ணதாசன் 1949-இல் வெளிவந்த 'கன்னியின் காதலி' என்னும் படத்தின் வாயிலாகத் திரைப்பாட்டுலகிற் புகுந்தார். கலியாணசுந்தரமோ உழவர் வீட்டிற் பிறந்து, உழவர் இயக்கத்திற் கலந்து, பொதுவுடைமைக் கொள்கையைத் தழுவி, புதுவையிற் பாவேந்தர் பாரதிதாசனிடம் மாணவராயிருந்து தமிழ் பயின்று, அதன் பின்னர்த் திரைப்பாட்டுக்கு வந்தவர். 1950-களின் நடுப்பகுதியிலிருந்து அவருடைய பாட்டுகள் படங்களில் ஒலிக்கத் தொடங்கின. 'நாடோடி மன்னன்' 1958-லும், 'கல்யாண பரிசு' 1959-லும் வெளிவந்தன. அதே 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் அவர் காலமானார். அப்பொழுது அவர்க்கு வயது 29. 'இரும்புத்திரை' (1960), 'திருடாதே' (1961), 'அரசிளங்குமரி' (1961) ஆகிய படங்களில் மக்கள் கேட்டு மகிழ்ந்த அவருடைய பாட்டுகள், எழுதிய கை ஓய்ந்த பின்னரே திரைக்கு வந்தன.

இருவரும் ஒரே தொழிலர். ஒரே சந்தையில் சரக்கு விற்றவர். ஒரே தயாரிப்பாளர் இருவருள் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் நிலையும் இருந்தது. அரசியலிலும் இருவரும் ஓரணியினர் அல்லர். 1959-இல் கண்ணதாசன் திராவிட முன்னேற்றக் கழகத்திலே இருந்தார். கலியாணசுந்தரம் செங்கொடியின் நிழலில் வளர்ந்தவர். இவ்வளவும் தெரிந்து படிப்பவர்க்கே அவ்விரங்கற்பாவின் அருமை புலப்படும். என்னை? போட்டியாளன் மறைந்தபோது உலகம் எதிர்பார்ப்பது மரியாதை மட்டுமே. கண்ணதாசன் கொடுத்ததோ மரியாதையினும் மிகப் பெரியது.

அதனைக் காண்பதற்கு முன், நம் முன்னோர் இத்துறையில் இட்டுச்சென்ற அளவுகோலை எடுத்துக்கொள்ளுதல் நலம். இறந்தாரைக் குறித்து எஞ்சியோர் புலம்புதலைத் தொல்காப்பியம் கையறுநிலை என்று பெயரிட்டு வழங்குகிறது. கை என்பது ஈண்டுச் செயல். செய்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையே கையறுநிலை. இப்பெயரே நமக்கு ஒரு பாடம். புகழ்மாலை சூட்டுதல் ஒரு செயல். அறிவுரை கூறுதல் ஒரு செயல். செயலற்றுப்போனவன் வாயில் எழுவதே கையறுநிலை.

புறநானூற்றில் இதற்கு ஓர் ஒப்பற்ற காட்சி உண்டு. கோப்பெருஞ்சோழன் அரசன் மட்டும் அல்லன்; தானே பாட்டியற்றிய புலவன்; அவன் பாட்டுகள் குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் உள்ளன. மக்களோடு பகை நேர்ந்து அவன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அவனுடைய நண்பர் பொத்தியார் என்னும் புலவர் உடன் உயிர்விட விழைந்தார். சோழன் அவரைத் தடுத்து, கருவுற்றிருந்த மனைவிக்கு மகன் பிறந்த பின் வருமாறு சொல்லி அனுப்பினான். பொத்தியார் திரும்பி உறையூருக்கு வந்தார். ஊர் இருந்தது, மன்றம் இருந்தது, சோழன் இல்லை. அவர் அழுதது எவ்வாறு? பல்லாண்டு சோறிட்டு வளர்த்த பெரிய களிற்றை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த தறி வெறுமையாய் நிற்பதைக் கண்டு அழுவதைப்போல் தாம் அழுததாகப் பாடினார். பின்னர் நடுகல்லான நண்பனிடம் சென்று, எனக்குரிய இடம் எது என்று கேட்டார்.

அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். பொத்தியார் தறியைக் காட்டினார். யானை இல்லை என்று அவர் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அவ்வாறே ஔவையார் அதியமானுக்கு இரங்கும்போது, அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்போர் கையையும் புலவர் நாவையும் ஊடுருவிச் சென்றது என்றார். ஒருவன் சாவால் எங்கெங்கே ஓட்டை விழுந்தது என்று கணக்குக் காட்டினார். பழம்புலவர் கையாண்ட முறை இதுவே. புகழ் பொதுவானது, இழப்பு தனியானது. தனியானதைச் சொன்னாலன்றிப் படிப்போர் நெஞ்சு அசைவதில்லை.

இனிக் கண்ணதாசன் பாட்டுக்கு வருவோம். அப்பாட்டில் இரு கூறுகள் உள்ளன என்பது எம் கருத்து. ஒன்று, வழிவழியாக வரும் புகழ்மொழி. தமிழ்நாடும் தமிழும் கலைஞரும் உள்ளவரையில் நின் பெயர் நிலைக்கும் என்பது போன்றது அது. கலியாணசுந்தரத்தின் பண்பையும் தீமை அறியாத நெஞ்சையும் போற்றும் பகுதியும் இதனைச் சார்ந்ததே. இவை பொய்யல்ல. ஓசையும் குறைவில்லை. ஆயினும் மேற்சொன்ன பெயர்மாற்றும் சோதனையில் இவை தேறா. நிலைத்த பெயர் என்பது பாரதியாருக்கும் பொருந்தும், பாரதிதாசனுக்கும் பொருந்தும், நம்மூரில் நூறு கவிதை எழுதிய ஒருவருக்கும் அன்பினால் பொருத்தலாம்.

மற்றொரு கூறு வேறு வகையானது. வெற்றிலை மெல்லும் கலியாணசுந்தரத்தை அப்பாட்டிற் காண்கிறோம். வாய் வெற்றிலையோடு விளையாடிக்கொண்டிருக்கிறது; அதே வேளையில் நெற்றியிலே சிந்தனையின் நிழல் ஓடுகிறது; கற்ற தமிழ் கண்ணிலே வந்து நிற்கிறது. சில சொற்களில் அமைந்த இச்சிறு காட்சியிலேயே அவ்விரங்கற்பா முழுவதும் உயிர் பெற்றுவிடுகிறது என்போம். ஏன்?

வெற்றிலை போடுவோர் தமிழகத்திற் கோடிப்பேர். வெற்றிலை மெல்லுபவனைப் பார்க்கும் எவனும், இவன் ஓய்வாக இருக்கிறான் என்றே எண்ணுவான். படக்கம்பெனியில் வருவோரும் போவோரும் அவ்வாறே எண்ணியிருப்பர். வாய் மெல்லும்போது உள்ளே பாட்டு உருவாகிறது என்பதை நெற்றியைப் பார்த்து அறிந்துகொள்ள இன்னொரு பாட்டுத் தொழிலாளியின் கண் வேண்டும். தானும் அவ்வாறே மெட்டுக்காகக் காத்திருந்தவன், சொல் வராமல் தவித்தவன், வந்த சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடியவன் மட்டுமே அந்நிழலை அடையாளம் காண்பான். மனைவி கணவனைக் காண்பாள். தாய் மகனைக் காண்பாள். தொண்டன் தோழனைக் காண்பான். பாட்டு பிறக்கும் நொடியில் அம்முகத்தைக் கண்டவன் கவிஞன்.

நம் தோட்டங்களில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. பால் வெட்டிய கை வெட்டு வரியை அறியும். மரத்தின் பட்டையைப் பார்த்த அளவிலேயே, இது இன்னார் வெட்டு என்று சொல்லக்கூடிய மூத்த தொழிலாளிகளை யாம் அறிவோம். சீவல் எவ்வளவு மெல்லியது, சாய்வு எவ்வாறு செல்கிறது, கத்தி எங்கே ஆழ்ந்து மரத்தைக் காயப்படுத்தியது என்பதெல்லாம் அவர்க்கு எழுத்தாகத் தெரியும். மேலதிகாரி வாளியிற் பாலின் அளவைப் பார்ப்பார்; எம்போன்ற கிராணி எடையைக் குறிப்பான்; கையை அறிந்தவன் பக்கத்து நிரையில் வெட்டுகிறவனே. இன்று கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் அருகிச் செம்பனை மிகுந்துவிட்டது. ஆயினும் அந்தக் கண் படைத்த முதியோர் இன்னும் நம்மிடை வாழ்கின்றனர். கண்ணதாசன் கலியாணசுந்தரத்தைப் பார்த்தது அந்தக் கண்ணால். பக்கத்து நிரைக்காரன் கண்ணால்.

ஆகவே ஒரு கவிஞனுக்குக் கவிஞன் பாடும் இரங்கற்பாவின் அளவுகோலை யாம் இவ்வாறு வகுத்துக்கொள்கிறோம்: உடன்தொழில் செய்தவன் மட்டுமே காணக்கூடிய ஒன்று அதில் இருக்கிறதா? இருக்குமாயின் பாட்டு நிற்கும். இல்லையேல் எவ்வளவு பெரிய கவிஞன் பாடினும் அது படிவமே.

நிற்க. இப்பாட்டில் இன்னொரு நுட்பமும் கருதற்பாலது. தன்னினும் மூன்று வயதே இளைய கலியாணசுந்தரத்தைக் கண்ணதாசன் மகன் என்று விளித்து அழுகிறார். சின்ன வயது, சிரித்த முகம், தாயின் குணம் என்று அடுக்கி அடுக்கிச் செல்கிறார். அண்ணன் தம்பி என்று சொல்லியிருக்கலாம். தோழன் என்று சொல்லியிருக்கலாம். அக்காலத்து மேடைகளில் அச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றை விடுத்து மகன் என்பானேன்?

விடை பாட்டின் நடையில் இருக்கிறது. அவ்வடிகள் செல்லும் நடை நம் வீட்டுப் பெண்டிர் பாடும் ஒப்பாரியின் நடை. தாலாட்டின் நடையும் அதுவே. தொட்டிலில் ஆட்டும்போது பாடிய அதே ஓசையில், பாடைக்கு அருகில் அமர்ந்தும் பாடுவது தமிழ்த்தாயரின் வழக்கம். லயத்து வீடுகளில் சாவு நேர்ந்தபோது கூடிய பெண்கள், இறந்தவனின் வயதைப் பாராமல் ராசா என்றும் மகனே என்றும் அழுததை நம்மில் நாற்பது வயது கடந்தோர் அனைவரும் கேட்டிருப்பர். அவர்களுட் பலர்க்கு எழுத்தறிவு இல்லை. ஆனால் இறந்தவன் உடுத்த வேட்டி, நட்ட முருங்கை, வாங்குவதாகச் சொல்லி வாங்காமற்போன தோடு ஆகியவற்றைச் சொல்லி அழுவார்கள். பொத்தியாரின் தறியும் அவர்களுடைய முருங்கையும் ஒரே இனம். புலவர் மரபும் பாமரர் மரபும் இங்கே கை கோக்கின்றன.

கண்ணதாசன் இவ்வோசையைத் தேர்ந்தது வெறும் பழக்கத்தினால் அன்று என்றே கருதுகிறோம். கலியாணசுந்தரத்தின் பாட்டுகள் ஏட்டுத் தமிழிலிருந்து எழுந்தவையல்ல. வயலிலிருந்து, ஏற்றத்திலிருந்து, நடவுப் பெண்களின் வாயிலிருந்து எழுந்தவை. நாட்டுப்புற மெட்டிலே பாடிய ஒருவனை நாட்டுப்புற அழுகையின் நடையிலே அழுவதுதான் பொருத்தம். கலித்துறையும் விருத்தமும் கண்ணதாசனுக்குக் கைவந்தவை. அவற்றில் அழுதிருந்தால் அது கண்ணதாசனின் பாட்டாக இருந்திருக்கும். ஒப்பாரியின் நடையில் அழுததால் அது செங்கப்படுத்தான்காட்டுக்கும் உரியதாயிற்று.

இனி, அப்பாட்டின் உச்சம். உயிரைக் கொடுத்தால் அவன் பிழைப்பானாயின் என் உயிரைத் தருகிறேன் என்று கூறி, என் கவிஞன் எங்கே என்று கேட்கிறார் கண்ணதாசன். பகுத்தறிவாளர் சிலர் இதனைப் படித்து நகைக்கக்கூடும். கொடுக்க முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்வது வெறும் வாய்ச்சொல் அன்றோ, தரச்சொன்னால் தந்திருப்பாரோ என்று அவர் வினவலாம். இவ்வினா நேர்மையானது, தட்டிக்கழிக்கக் கூடாதது.

யாம் கூறும் விடை இது. வாய்ச்சொல்லா மெய்யா என்பதை உள்ளே புகுந்து பார்க்க எவராலும் இயலாது. சொல்லின் இடத்தை மட்டுமே நம்மாற் பார்க்க இயலும். படிவத்துப் பாட்டிலும் என்னுயிர் தருவேன் என்ற தொடர் வரும். அங்கே அதற்கு முன்னால் மலையும் விளக்கும் இருக்கும். இங்கே அதற்கு முன்னால் வெற்றிலை இருக்கிறது. நெற்றியின் நிழல் இருக்கிறது. சிரித்த முகம் இருக்கிறது. ஒருவனை இவ்வளவு அருகிலிருந்து கண்டவன் சொல்லும்போது, பழைய தொடரும் புதிய பொருள் பெறுகிறது. மேலும், இச்சொல்லைச் சொன்னவன் அவனுடைய தந்தையல்லன். அவன் இருந்தால் தனக்கு வரும் வாய்ப்பு குறையக்கூடிய போட்டியாளன். உன் இடம் எனக்குக் கிடைத்தது என்று உலகியல் கணக்கிடும் வேளையில், என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்று சொல்கிறது பாட்டு. சந்தையின் கணக்கை இது தலைகீழாக்கிவிடுகிறது. அப்பாட்டின் அறம் இதுவே.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எம்மனோர்க்கு இரங்கற்பா என்றவுடன் நினைவுக்கு வருவது ஷெல்லி என்னும் ஆங்கிலக் கவிஞர் பாடிய 'அடோனெய்ஸ்'. அதுவும் ஓர் இளைய கவிஞனுக்காக மூத்த கவிஞன் பாடியதே. ஷெல்லி 1792-இற் பிறந்தவர். கீட்ஸ் 1795-இற் பிறந்தவர். இங்கும் இடைவெளி ஏறத்தாழ மூன்று ஆண்டே. கீட்ஸ் 1821-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் ரோம் நகரில் 25-ஆம் வயதிற் காலமானார். ஷெல்லி அதே ஆண்டு பீசா நகரிலிருந்து 55 செய்யுட்களாலான அப்பாட்டைப் பாடி அச்சிட்டார். இவ்விரண்டு பாட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

ஷெல்லியின் பாட்டு பெரிய மாளிகை. பழைய கிரேக்க மரபைத் தழுவி, ஆயர்கள் வந்து அழுவதாகவும், கலைமகள் போன்ற ஒரு தாய் அழுவதாகவும், இறந்தவனின் கனவுகளே உருவெடுத்து அழுவதாகவும் அமைத்தார். இறுதியில் ஒருமைப் பொருளில் உயிர் கலப்பதைப் பாடி, தன் படகும் கரையை விட்டு வெகு தொலைவு செல்வதாக முடித்தார். மறுவருடம், 1822 ஜூலை 8-ஆம் நாள், அவர் மெய்யாகவே படகு கவிழ்ந்து கடலில் மாண்டார். உடல் கரையொதுங்கியபோது சட்டைப்பையில் கீட்ஸின் நூல் ஒன்று இருந்தது. இதனினும் உருக்கமான செய்தி இலக்கிய வரலாற்றில் அரிது.

ஆயினும் பாட்டை மட்டும் நோக்கினால் ஒரு குறை தென்படுகிறது. ஷெல்லியும் கீட்ஸும் ஒருவரையொருவர் அறிந்தவரே. நெருங்கிப் பழகியவர் அல்லர். கீட்ஸ் நோயுற்ற செய்தி கேட்டு 1820-இல் அவரை இத்தாலிக்குத் தம்மிடம் வருமாறு ஷெல்லி அன்போடு அழைத்தார், அவ்விருந்து நடைபெறவில்லை. ஆதலின் கீட்ஸ் எவ்வாறு இருப்பார், எவ்வாறு எழுதுவார் என்பது பாட்டில் இல்லை. பறவையின் இரவுப் பாட்டிலே அவன் குரல் கேட்கிறது என்று சொல்லுமிடத்தில் மட்டும் கீட்ஸின் நிழல் ஒருகணம் தெரிகிறது. மேலும், 'குவார்ட்டர்லி ரிவியூ' என்னும் ஏட்டில் 1818-இல் வந்த கடுமையான மதிப்புரையே கீட்ஸைக் கொன்றது என்று ஷெல்லி நம்பினார். நம்பியதைப் பாட்டிலும் வைத்தார். உண்மையிற் கீட்ஸைக் கொன்றது காசநோய். அவருடைய தம்பியும் அந்நோய்க்கே 1818-இல் இரையானார். ஷெல்லி தமக்கு நேர்ந்த பழிகளைக் கீட்ஸின் மேல் ஏற்றிப் பார்த்தார் என்றே தோன்றுகிறது. பாட்டு பெரிதாயிற்று, ஆனால் பாட்டின் நடுவே நிற்பவர் கீட்ஸ் அல்லர், ஷெல்லியே.

கலைத்திறத்தில் 'அடோனெய்ஸ்' எங்கே, ஒரு வார ஏட்டளவு நீளமுள்ள தமிழ் இரங்கற்பா எங்கே என்று ஆங்கிலம் கற்ற நண்பர்கள் கேட்பர். அளவில் இரண்டும் ஒப்பல்ல என்பதை ஒத்துக்கொள்வதில் எமக்குத் தடையில்லை. ஆயினும் எம் அளவுகோல் வேறு. இறந்தவனின் முகம் எதில் தெரிகிறது? அடோனெய்ஸில் நாம் காண்பது அழகிய ஒரு முகமூடி. கண்ணதாசன் பாட்டில் நாம் காண்பது வெற்றிலைச் சாறு சிவந்த உதடு. பட்டுக்கோட்டையாரை நேரிற் காணாத நமக்கு, அவரைக் காட்டிய கண் அது.

இவ்வளவு சொன்ன பின், அப்பாட்டைக் குறித்து எழக்கூடிய ஒரு குறையையும் மறைக்காமற் கூற வேண்டும். கலியாணசுந்தரம் வெறும் நல்ல மனிதர் அல்லர், ஒரு கொள்கைக்காரர். உழுபவன் வயிறு காய்வதும், உழைப்பவன் கை வெறுமையாய் இருப்பதும் ஏன் என்று கேட்டவர். 'இரும்புத்திரை'ப் படத்திலே வரும் ஒரு நகைச்சுவைப் பாட்டு, கூலி கைக்கு வந்ததும் மடிக்குப் போகாமலே மறைந்துவிடும் விந்தையைப் பாடுகிறது. சம்பள நாளன்று கடைக்கணக்கும் கடன்கணக்கும் தீர்த்து வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியவர்க்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல் எழுதும் எமக்கும் வேண்டியதில்லை. அத்தகையவரின் மறைவில் நாம் இழந்தது ஒரு குரலை. கண்ணதாசன் பாட்டில் ஓங்கி நிற்பதோ தோழனை இழந்த துயர். அக்குரலை இழந்த துயர் பின்னே நிற்கிறது.

இதனை யாம் குற்றமாகச் சாட்டவில்லை. கொள்கையால் வேறுபட்ட ஒருவர், இறந்தவரின் கொள்கையைப் பாட்டில் எடுத்துக்கொண்டு தம் பக்கம் இழுக்கவோ மறுக்கவோ முற்படாமல், மனிதனை மட்டும் பார்த்து அழுதது ஒரு பெருந்தன்மை. இன்று தலைவர்களின் சாவிலே கட்சிக்கொடியை முதலில் விரிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் விடுபட்ட பணி ஒன்று இருக்கிறது. அதனைச் செய்ய வேண்டியவர் கண்ணதாசன் அல்லர், அவர் பாட்டுகளைப் பாடும் மக்களே. அவர்கள் அதைச் செய்தும் வருகின்றனர். தோட்டங்களின் திறந்தவெளிப் படக்காட்சிகளில் தொடங்கி, இன்று கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும், பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும், மின்னல் பண்பலையிலும், உறங்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் அக்குரல் ஒலிக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாமலே பலர் முணுமுணுக்கின்றனர். கவிஞனின் மறைவுக்கு மக்கள் பாடும் இரங்கற்பா இதுதான்.

கண்ணதாசனும் 1981-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், தாய்மண்ணுக்கு வெகு தொலைவில், சிகாகோ நகரில் 54-ஆம் வயதில் மறைந்தார். அவர்க்காக எழுந்த பாட்டுகள் ஏராளம். அவற்றுள் எத்தனை பாட்டு அவர் நெற்றியின் நிழலைக் கண்டது? ஆராய்வது நேயர் கடன்.

இவ்வாராய்ச்சி எங்கோ 1959-இல் நடந்த ஒன்றைப் பற்றியது மட்டுமன்று. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும், தோட்டங்களை விட்டு அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும், இன்று தமிழிற் கவிதை எழுதும் இளைஞர் பலர் உள்ளனர். பகலில் தொழிற்சாலையிலும் கிடங்கிலும் உழைத்து, இரவில் எழுதுகின்றனர். அவர்களின் நூல் வெளியீட்டுக்கு மூத்த எழுத்தாளர் வருகின்றனர், மாலை ஏற்கின்றனர், வாழ்த்துரை கூறுகின்றனர். எத்தனை பேர் அந்நூலைப் படித்தனர்? எந்த அடியில் இளைஞனின் கை தேறியது, எந்த அடியிற் கத்தி ஆழ்ந்து மரம் காயப்பட்டது என்று எத்தனை பேர் அருகமர்ந்து சொல்லினர்? சொல்லாதவரே நாளை அவன் மறைந்தால் மலை சரிந்ததென்று முதலில் எழுதுவர். வேறென்ன எழுதுவர்? அவனை அவர் பார்த்ததே இல்லையே.

கண்ணதாசனால் அவ்வாறு அழ முடிந்தது, அதற்கு முன்பே அவர் அவ்வாறு பார்த்திருந்தமையால். இரங்கற்பா எழுதும் நாளில் கற்றுக்கொள்ளும் வித்தையன்று அது. போட்டியாளன் வெற்றிலை மெல்லும்போது பொறாமையோடு முகம் திருப்பாமல், அவன் நெற்றியை உற்று நோக்கிய நாளிலேயே அப்பாட்டின் முதலடி எழுதப்பட்டுவிட்டது. மூத்தோரே, உங்கள் அருகில் ஓர் இளைஞன் இப்பொழுது ஏதோ ஒன்றை மென்றுகொண்டு வாளா அமர்ந்திருக்கிறான். அவன் நெற்றியைப் பாருங்கள்.